கேட்டதாகச் சொன்ன சத்தங்கள்

அந்த வருஷம் கோடை எனக்கு மட்டும் பதினைந்து நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது.

மத்திகிரியில் கால்நடைப் பண்ணையின் வேலியோரம் நடந்தால், வெயில் காலம் முழுக்க மரங்களிலிருந்து சில்வண்டுகள் காதைத் துளைக்கும். துளைக்க வேண்டும். வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் முதல் ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வருகிறேன், மரங்கள் அடங்கிக் கிடந்தன. சரி, மழை இறங்கப் போகிறது, வண்டுகள் மூட்டை கட்டிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்தால் வாசலில் என் மனைவி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"என்னாங்க இது, இந்த வண்டு இந்தக் கத்து கத்துது? எங்க மத்தூர்ல இப்படி இல்லீங்க."

நான் திரும்பி மரங்களைப் பார்த்தேன். ஒரு இலை அசைந்தது. அவ்வளவுதான்.

"ஆமா," என்றேன்.

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. கல்யாணமாகி இருபது நாள் ஆகியிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. ஓசூரைச் சுற்றி ராகிக் காடுகளுக்கு நடுவே ஒவ்வொரு கம்பெனியாக எழும்பிக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்தது பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே தள்ளி, காலால் மிதியை அழுத்தினால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரு அடி அடிக்கும். தகடு வளைந்து வெளியே விழும். அப்படிப் பதினெட்டு பிரஸ், ஒரே தகரக் கூரைக்குக் கீழே. சிமெண்ட் தரை உள்ளங்கால் வழியாக மேலேறி முதுகில் அடிக்கும். அங்கே வாயால் பேசுவது கிடையாது. கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. தலையில் ஒரு தட்டு தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். மணிக்கட்டைச் சுற்றி விரலை ஓட்டினால் ஷிப்ட் முடிய இன்னும் எவ்வளவு நேரம். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தவன் எல்லாம் இரண்டு கையையும் தலையணைபோலக் கன்னத்தில் வைத்துக் காட்டிக் கண்ணடித்தான்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எந்திரம் தகட்டை ஒழுங்காகக் கடிக்கிறதா, அச்சு தளர்ந்து தானாக இரண்டாவது தடவை இறங்கப் போகிறதா என்பதெல்லாம் எங்களுக்குச் சத்தத்தில்தான் தெரியும். அடிக்கு முன்னால் ஒரு சின்ன 'க்ளிக்' தப்பி வந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். பஞ்சு வைத்தவன் அந்த க்ளிக்கைக் கேட்காமல் விரலை விட்டுவிடுவான் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. காதா கையா என்ற கேள்விக்கு நாங்கள் எல்லோருமே கை என்று பதில் சொல்லியிருந்தோம். மூன்று வருஷமாகப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

பக்கத்து பிரஸ்ஸில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், என் வயதுதான். எல்லோருக்கும் அவர் பாய். மறுநாள் கேன்டீனில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பாய், உங்களுக்குச் சில்வண்டு கத்துறது கேக்குதா?"

"வண்டா? எனக்கு எம் பொண்டாட்டி கத்துறதே கேக்கறதில்ல. ஆண்டவன் குடுத்த வரம்யா அது." சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு டீ கிளாஸுக்குள் பார்த்தபடி, "மெடிக்கல் முடியற வரைக்கும் இதைப் பத்தி வாயைத் தொறக்காதே. உனக்குப் புதுசா கல்யாணம் வேற," என்றார்.

டெம்பரரியாக ஓட்டியது போக, ஆடி நடுவில் எனக்குப் புரொபேஷன் முடிகிறது. கம்பெனி டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பர்மனென்ட். 'ஓசூர்ல கம்பெனி வேலை, ஆடி போனா பர்மனென்ட்' என்ற அந்த ஒரு வரியை நம்பித்தான் மத்தூரில் பொண்ணு கொடுத்திருந்தார்கள். என் மாமனார் அதிகம் பேசாத மனுஷன். பொண்ணு பார்க்கப் போனபோது என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" நானும் ஒரே வார்த்தையில் இல்லை என்றிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வேலை ஆரம்பித்தேன். காதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று வீடு முழுக்கத் துழாவிப் பார்க்கும் வேலை.

கூரை ஆஸ்பெஸ்டாஸ். முதல் தூறல் விழுந்தபோது கேட்டது. ஆனால் அது துளித்துளியாக இல்லாமல் யாரோ கோணிச் சாக்கை இழுப்பதுபோல ஒரே இழுவையாக வந்தது. பல வீடுகள் சேர்ந்த எங்கள் வளவுக்கு நடுவிலிருந்த அடிபம்பு கேட்டது. கடக், கடக். அது நின்றதும் அவள் குடத்தைத் தூக்கிவிட்டாள், இன்னும் பன்னிரண்டு அடியில் வாசலுக்கு வருவாள் என்று தெரியும். தயாராக முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்வேன். பண்ணை மாடுகள் கேட்டன. சிட்டுக்குருவி கேட்கவில்லை. அலகு திறந்து திறந்து மூடியது. அவள் கொலுசு, செங்கல் தரையில் நடந்தால் உண்டு, பாயில் நடந்தால் இல்லை. கண்ணாடி வளையல் இரண்டு கையையும் சேர்த்துத் துணி அலசினால் மட்டும்.

கடுகு தாளிக்கும்போது அடுப்புப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். எண்ணெயில் கடுகு குதிக்கும், ஒவ்வொன்றாகக் கறுப்பாகத் துள்ளி வெளியே விழும், வாசனை வந்து மூக்கில் அறையும். சத்தம் மட்டும் வராது. குனிந்து காதைச் சட்டிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோவேன்.

"அவ்ளோ பசியா?" என்று அவள் சிரித்தாள். அவள் சிரிப்பை நான் பார்த்தேன்.

பயத்தில் இருக்கிறவனுக்குச் சின்னச் சந்தோஷங்கள் எல்லாம் பெரிதாகத் தெரிகின்றன, பூதக்கண்ணாடி வைத்ததுபோல. ஆனி மாதம் வந்தது. எங்கள் பக்கம் வெயில் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒரு காலையில் பல் துலக்கத் தண்ணீரை வாயில் ஊற்றினால் பல் கூசும், அவ்வளவுதான், கோடை போயாயிற்று. காற்று ஆரம்பித்துவிடும். காயப்போட்ட அவள் புடவை கொடியில் நீளமாக எழும்பி அடுத்த வீட்டு வேட்டியைப் போய் அறையும். சந்தையில் கடைசி மாம்பழம் வந்தது, நீலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கொட்டையைச் சூப்பினோம். முழங்கை வரை வழிந்தது. அவள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். காற்று அவள் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் அவள் உதட்டில் ஒட்டியிருந்த நாரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு நினைப்பு வந்தது. இவள் இப்போது என்னிடம் எதைச் சொல்கிறாள்?

அவள் குரல் சன்னம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவாள், புதுப்பெண் வெட்கம். எனக்கு முகம் தெரிந்தால்தான் பாதியாவது புரியும். 'என்ன?' என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் மத்தூருக்குத் தெரியும், அப்புறம் கம்பெனிக்கு எத்தனை நாள்? அதனால் நான் மூன்று சொற்களை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினேன். ஆமா. சரி. பாக்கலாம். கூடவே ஒரு சிரிப்பு. எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பொருந்தும் என்பது என் கணிப்பு.

எங்கள் வீட்டுக்காரம்மா தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிற அம்மாள். வளவுக்கு அந்தக் கோடியிலிருந்து, "ஏம்ப்பா, ஊட்டா ஆய்த்தா?" என்று ஒரு குரல் விட்டால் தண்ணீர்த் தொட்டியே அதிரும். நான் உடனே எழுந்து, "ஆச்சும்மா!" என்பேன். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டது முழுதாகக் காதில் விழுந்த சந்தோஷம் எனக்கு. உள்ளே என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்ததை நான் கவனிக்கவில்லை.

ஒரு நாள் முகத்துக்கு நேராக வந்து நின்று சொன்னாள்.

"வீட்டுக்காரம்மா கூப்பிட்டா ஒரே கூப்பாட்டுல எந்திரிக்கிறீங்க. நான் நாலு தடவ ஏங்க ஏங்கன்னாலும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"அப்படியெல்லாம் இல்ல!"

"பாருங்க, இதுக்கு எதுக்கு அதட்டுறீங்க?"

நான் அதட்டவில்லை. என் குரல் எனக்கே எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியாமல் போயிருந்தது. இதையும் அவளிடம் சொல்ல முடியாது. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனி முடிந்தால் ஆடி. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி பிறக்கும் முன்னால் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு மாதம் புருஷன் அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது. ஆனி கடைசி நாள் காலையில் அவள் அண்ணன் வந்து இறங்கினார். எனக்கு மச்சான். லாரியில் கிளீனராகப் போய் டிரைவரானவர், நல்ல தமாஷ் பேர்வழி. அன்றைக்குப் பேச்சே இல்லை. காபியை மடமடவென்று குடித்துவிட்டு, "நேரமாவுது மாப்ள, கிளம்பறோம்," என்றார்.

கிளம்பும்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குப் போகிறவள் நாலு புடவை எடுப்பாள். சுவரில் மாட்டியிருந்த அவள் கண்ணாடி இல்லை. அவள் கொண்டுவந்த குத்துவிளக்கு இல்லை. எவர்சில்வர் சம்படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது சுவரில்.

"எல்லாத்தையும் எதுக்கு எடுத்துக்கிட்ட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. நேராகப் பார்த்துச் சொன்னதால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"நீங்கதானே சரின்னீங்க."

எதற்கு? எதற்குச் சரி என்றேன்? கேட்டால் அன்றைக்கு நான் கேட்கவில்லை என்பது தெரியும். கேட்காவிட்டால் அந்தச் 'சரி' அப்படியே நிற்கும், ஆணி மாதிரி. நின்றேன். அந்த நிமிஷத்தில்கூட நான் பயந்தது டாக்டரின் கையெழுத்துக்குத்தான் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் வரைக்கும் போனேன். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். இரண்டு மணிக்கு ஷிப்ட். மணி பன்னிரண்டரை.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பக்கத்தில் மச்சான். நான் கீழே நின்றேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. முறுக்கு விற்கிறவன் நடுவில் கூடையைத் தூக்கினான். கூடை போனதும் அவள் வாய் மூடியிருந்தது. பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் 'சரி' வந்து உட்கார்ந்துவிட்டது. நாக்கு நுனியில். சிரிப்பும் தயாராக இருந்தது.

பஸ் நகர்ந்தது. நான் ஓடி ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கண்டக்டர் என்னவோ திட்டினார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர்கள் சீட்டுப் பக்கம் போய் நின்றேன். மச்சான், "என்னா மாப்ள, ஷிப்ட்டுக்குப் போவலையா?" என்றது வாயசைப்பில் தெரிந்தது. கம்பியைப் பிடித்தபடி தொங்கினேன். ஊர் தாண்டியது, கம்பெனிக் கூரைகள் தாண்டின, சூளகிரி மலை தெரிய ஆரம்பித்தது. சொல்ல வேண்டும். எல்லோருக்கும் எதிரில் எப்படிச் சொல்வது? மச்சான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்த நேரம், குனிந்து அவள் காதோரம் ரகசியமாகச் சொன்னேன்.

"எனக்குக் காது கேக்கலடி. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீ சொல்றது பாதி எனக்குக் கேக்கறதே இல்ல."

ரகசியம் என்று நான் நினைத்தேன். முன் சீட்டு ஆள் திரும்பினார். அதற்கு முன் சீட்டு திரும்பியது. கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள் திரும்பினாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிரஸ் ஷாப் குரலில், முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி நான் அதை அறிவித்திருந்தேன். எல்லா முகங்களும் என் பக்கம்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மைல்கல் போனது. பிறகு அண்ணன் தோளைத் தட்டி எழுந்திருக்கச் சொன்னாள். மச்சான் எழுந்து எனக்கு இடம் விட்டு நின்றார். அவள் முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அன்னைக்கு மாம்பழம் தின்னும்போது கேட்டேன். என்னைப் புடிக்கலையா, ஆடிக்குப் போனா அப்படியே அங்கயே இருந்துக்கட்டுமான்னு. நீங்க தலையாட்டினீங்க. சிரிச்சிக்கிட்டே. மறுநாளும் கேட்டேன். சரின்னீங்க."

அவள் பக்கமாகக் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தவும் இல்லை. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும், இரண்டு மாதமாக என்னிடம் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னாள். கொடியில் வேட்டியும் புடவையும் அடித்துக்கொள்வதைப் பார்த்து அடுத்த வீட்டம்மா என்ன கேலி செய்தாள். பம்பு மேடையில் ஒரு ஓணான் வந்து தினமும் உட்காருகிறது, அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். ரசத்தில் உப்பு மறந்த அன்றைக்கு, 'உப்பில்ல, சாப்பிடாதீங்க' என்று அவள் சொன்னதற்கு நான் 'ஆமா' என்று சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் குடித்தேனாம். நான் பக்கத்திலேயே இருந்து, ஒன்றையும் வாங்காமல் விட்ட அவ்வளவு நாட்கள். சிலது இப்போதும் விழவில்லை. விழாததற்கும் 'சரி' வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் இறங்கினோம். அங்கிருந்து அவர்கள் மத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். ஆடி பிறக்கப் போகிறது, திரும்பிக் கூட்டிக்கொண்டு போக முடியாது; அதற்கு அவளும் ஒப்பமாட்டாள், நானும் கேட்கவில்லை. மச்சான் பீடி பற்றவைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, எனக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னார்: "வீட்ல நான் வாயத் தொறக்க மாட்டேன் மாப்ள. ஆனா அந்த பஸ்ல பாதி சனம் நம்ம மத்தூர் சனம்."

அவள் மத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், ஆனி கடைசி நாள் என்பதால் பெண்ணழைத்துப் போகிற கூட்டம் வேறு. சுவரைப் பார்த்துப் பேசுகிறவள், ஜன்னல் கம்பிக்கு வெளியே முகத்தைக் கொண்டுவந்து, கழுத்து நரம்பு புடைக்க, அந்த நட்டநடு பஸ் ஸ்டாண்டில் கத்தினாள்.

"ஆவணி ஒண்ணாந்தேதி நீங்களே வரணும்! வேற யாரையும் அனுப்பக் கூடாது!"

பூ விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோயிற்று. முழுதாகக் கேட்டது எனக்கு.

ஆனால் அவள் சொன்னால் போதுமா? அந்த ஆடி முழுக்க நான் பயந்தபடியே இருந்தேன். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மச்சான் சொல்லாவிட்டாலும் கோழிக்கூடை அம்மாள் சொல்லியிருப்பாள். மாமனாரின் ஒரே கேள்வியும் என் ஒரே பதிலும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அது மட்டும் தெளிவாகக் கேட்டது. நடுவில் மெடிக்கல் வந்தது. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், பத்து விரலையும் விரித்து மடக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். காதை அவர் தொடவேயில்லை. வெளியே வந்து பாயிடம் சைகையில் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்காகவா, என்று மட்டும் தோன்றியது.

ஆவணி ஒன்றாம் தேதி மத்தூரில் போய் இறங்கினேன். வாசலில் மாமியார் என்னைக் கண்டதும், "வாங்க மாப்ள!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. தெருவில் இரண்டு பேர், "எப்ப வந்தீங்க!" என்று ஊர்வலத்தில் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது.

மாமனார் உள்ளேயிருந்து வந்தார். கத்தவில்லை. கயிற்றுக் கட்டிலில் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் நின்று, தன் காதைத் தொட்டு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விரலை ஆட்டினார். கொஞ்சம் நன்றாகக் கேட்கிற இடது காதைக் காட்டினேன். ஸ்டூலை இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது, புடவை நுனி மட்டும்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். நீளமாக, நாலைந்து வாக்கியம் இருக்கும். பேசாத மனுஷன் பேசுகிறார். எனக்கு ஒன்றும் விழவில்லை. தலையாட்டிவிட்டால் இந்த நிமிஷம் தப்பிவிடும்.

"கேக்கல மாமா," என்றேன். "திரும்பச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.